மைதாவின் தாகம்

கூட்டேரிப்பட்டில் நெடுஞ்சாலையை விட்டு மயிலம் ரோட்டில் திரும்பினால், பஞ்சர் கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. சூசை மேரியின் குதிரை அங்கேதான் நிற்கும். வெள்ளைப் பெண் குதிரை. அதற்கு முதலில் ஸ்டெல்லா என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரில் யாரும் அதிகம் கூப்பிடவில்லை. கூப்பிட்டபோது குதிரையும் திரும்பிப் பார்க்கவில்லை. எதிரே இருக்கும் பரோட்டாக் கடை மாஸ்டர் ஒருநாள் அதை மைதா என்று கூப்பிட்டார். அதுவே நிலைத்துவிட்டது.

சூசை மேரி பிறந்த ஊர் இரும்பை. கணவர் சவுரிராயன் மினி லாரி ஓட்டுகிறார். கல்யாண மேடை அலங்காரச் சாமான்களைத் திண்டிவனம், விழுப்புரம் மண்டபங்களுக்கு ஏற்றிப் போவது அவர் வேலை. போகிற இடங்களிலெல்லாம் மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குதிரை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார்கள். புதுச்சேரிக் கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றிக்கொண்டிருந்த இந்தக் குதிரையை அவர்தான் வாங்கி வந்தார். வாங்கி வந்து கட்டியதோடு சரி. உதைத்துவிடும் என்று கிட்டேயே போகமாட்டார். எருமைகளோடு வளர்ந்த சூசை மேரிக்கு அந்தப் பயமில்லை. அதனால் குதிரை அவர் பொறுப்பானது.

கல்யாண ஊர்வலத்தில் குதிரையை ஒரு பெண் பிடித்து நடப்பதை இந்தப் பக்கம் யாரும் பார்த்ததில்லை. முதல் ஊர்வலத்திலேயே மாப்பிள்ளையின் மாமா ஒருவர், பிடித்துக்கொண்டு வர ஆம்பளை யாரும் இல்லையா என்று கேட்டிருக்கிறார்.

"குதிரையே பொம்பளதாங்க" என்று சூசை மேரி சொன்னாராம். "அதும்மேல குந்துறதுக்கு மாப்பிள்ளைக்கு கூச்சம் இல்லியே, உங்களுக்கு இன்னா?"

மாமா சிரித்துவிட்டார். அதன்பிறகு அந்தக் கேள்வியை யார் கேட்டாலும் அதே பதில்தான்.

தினமும் காலையில் மைதாவைத் தேய்த்துவிடுவார். வாலுக்கு ஷாம்பு போடுவார். மழையில் கொட்டகை ஒழுகினால் தன் வீட்டுத் தார்ப்பாயை அவிழ்த்து அங்கே கட்டுவார். சவுரிராயனுக்குக் காய்ச்சல் வந்தால் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்ப்பார். மைதா ஒருவேளை தீனி தின்னாவிட்டால் அன்று சமையல் நடக்காது. அந்தக் குதிரைக்கு ஒரு குறையும் வைத்ததில்லை என்பது அவர் நம்பிக்கை. எங்கள் தெருவும் அப்படியே நம்பியது.

தை மாதக் கல்யாணங்கள் முடிந்து மாசி பிறந்தபோதுதான் அது தொடங்கியது. நீல டிரம்மைப் பாதியாக அறுத்துச் செய்த தொட்டி ஒன்று கொட்டகையில் இருக்கிறது. காலையில் நிரப்பினால் சாயங்காலம்வரை தாங்கும். அது மதியத்துக்குள் காலியாக ஆரம்பித்தது. தொட்டி ஓட்டையோ என்று சூசை மேரி கவிழ்த்துப் பார்த்தார். ஓட்டை இல்லை. மறுநாள் அங்கேயே உட்கார்ந்து கவனித்தார். மைதா தலையைத் தொட்டிக்குள் விட்டால் எடுக்கவே இல்லை. குடித்த கொஞ்ச நேரத்தில் சிறுநீர் கழித்தது. மறுபடி குடித்தது. தரை காயவே இல்லை. சிறுநீரும் மஞ்சளாக இல்லாமல் தண்ணீர்போலவே இருந்தது. வெயில் ஏறுகிறது, அதனால் இருக்கும் என்று முதலில் விட்டுவிட்டார்.

பிறகு விலா எலும்பு தெரிந்தது. சேணம் கட்டுகிற வயிற்று வாரை எப்போதும் போடும் ஓட்டையில் போட்டால் தொளதொளவென்று தொங்கியது. தீனி குறையவில்லை. லட்சுமியம்மாள் நிலத்து மல்லாட்டைக் கொடியும் கொள்ளும் வழக்கம்போலத்தான் போய்க்கொண்டிருந்தன. தின்கிற குதிரை இளைப்பானேன்?

லட்சுமியம்மாள் அடுத்த தெரு. அவரும் கணவர் துரைக்கண்ணுவும் சொந்த நிலத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிறவர்கள். கொடி கொண்டுவந்து போட்டபோது லட்சுமியம்மாள் மைதாவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஏ மேரி, இது சக்கரைடி" என்றார். "எங்க வூட்டுக்காரருக்கு இப்பிடித்தான் ஆரம்பிச்சிது. குடத்தக் குடிச்சிட்டு கொல்லைக்கு ஓடிகினே இருப்பாரு. சட்டையெல்லாம் லூசாப் போச்சு."

இதை யாரும் முட்டாள்தனம் என்று சொல்ல முடியாது. எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. அதிக தாகம், அடிக்கடி சிறுநீர், உடம்பு இளைப்பது என்று மூன்றும் சேர்ந்தால் பள்ளிப் பிள்ளைகூட சர்க்கரை என்று சொல்லும். அதனால் சூசை மேரியும் நம்பினார். அன்றே வெல்லம் நின்றது, கேரட் நின்றது. வெந்தயம் ஊறவைத்த தண்ணீர் வந்தது. துரைக்கண்ணு தனக்கென்று அரைத்து வைத்திருந்த சிறுகுறிஞ்சான் பொடியில் பாதி மைதாவுக்குப் போனது.

சரியாகவில்லை என்றதும் துரைக்கண்ணு விரலில் குத்திப் பார்க்கிற தன் சர்க்கரை மெஷினையே எடுத்துக்கொண்டு வந்தார். மைதாவின் காது ஓரத்தில் குத்தி, வந்த சொட்டை அட்டையில் தொட்டார்கள். தொண்ணூற்றிரண்டு காட்டியது. மெஷின் கெட்டுவிட்டதோ என்று துரைக்கண்ணு தன் விரலையும் குத்திப் பார்த்தார். இருநூற்று நாற்பது.

"எனக்கு வந்து பத்து வருசத்துல ஒருநாள்கூட தொண்ணூறு வந்ததில்ல" என்றார் அவர், குதிரையைக் கொஞ்சம் பொறாமையோடு பார்த்து. "இதுக்கா சக்கரை?"

சர்க்கரை இல்லை என்று தெரிந்த பிறகு வேறு என்ன என்று யாருக்கும் தெரியவில்லை. கண்ணேறு என்று ஒருவர் சொன்னார். பூச்சி என்று ஒருவர் சொன்னார். சவுரிராயனுக்கு ஒரு யோசனை இருந்தது. தண்ணீர் அதிகமாகக் குடிப்பதால்தான் இப்படிப் போகிறது, போகிறபோது உடம்பில் உள்ள சத்தும் சேர்ந்து போகிறது, அதனால்தான் இளைக்கிறது, தண்ணீரைக் குறைத்தால் எல்லாம் சரியாகிவிடும். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. தொட்டியை எடுத்து வெளியே வைத்தார்கள். காலையில் ஒரு வாளி, சாயங்காலம் ஒரு வாளி.

இரண்டாம் நாள் மைதா தீனியைத் தொடவில்லை. தலையைத் தொங்கப்போட்டு சுவர் பக்கம் திரும்பி நின்றது. அப்போதும் சிறுநீர் மட்டும் போய்க்கொண்டுதான் இருந்தது. சூசை மேரி வாய்க்குள் விரல் விட்டுப் பார்த்தார். ஈறு வறண்டு ஒட்டியது. சவுரிராயனை எதுவும் கேட்காமல் தொட்டியை இழுத்து உள்ளே வைத்து நிரப்பினார். பிறகு மாட்டுக்கு ஊசி போட வருகிற டாக்டரின் நம்பரை லட்சுமியம்மாளிடம் வாங்கி அழைத்தார்.

டாக்டர் பெயர் அஸ்வினி. திண்டிவனத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்தார். மாடும் ஆடும்தான் தினமும் பார்க்கிறேன், குதிரை அதிகம் பார்த்ததில்லை, சந்தேகம் வந்தால் எனக்குப் பாடம் எடுத்த சாரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். சூசை மேரிக்கு அது பிடித்திருந்தது.

டாக்டர் ஒவ்வொன்றாகப் பார்த்த விதத்தை அங்கே நின்றிருந்த எல்லோரும் கவனித்தோம். முதலில் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். கடைவாய்ப் பல் ஒழுங்கில்லாமல் தேய்ந்து கூராகிவிட்டால் குதிரை மென்று தின்ன முடியாமல் இளைக்குமாம். பல் சரியாக இருந்தது. பூச்சி இருக்கிறதா என்று பார்க்கச் சாணத்தை எடுத்துக்கொண்டார். தீனியில் உப்பு எவ்வளவு போடுகிறீர்கள் என்று கேட்டார். வேலையில்லாமல் கட்டியே கிடக்கிற சில குதிரைகள் பொழுதுபோகாமல்கூட தண்ணீர் குடிக்குமாம். ஆனால் அவை இப்படி இளைக்காது என்றார். வயதான குதிரைகளுக்குத் தலைக்குள் இருக்கும் ஒரு சுரப்பி கெட்டு, தாகமும் இளைப்பும் வரும், கூடவே கோடையிலும் உதிராமல் முடி நீளமாக வளரும் என்று சொல்லி, கழுத்து முடியை விரித்துப் பார்த்தார். முடி குட்டையாகத்தான் இருந்தது. சர்க்கரை மெஷின் கதையைக் கேட்டபோது சிரித்தார். குதிரைக்குச் சர்க்கரை நோய் வருவது மிக அபூர்வம், ஆனாலும் சோதித்துப் பார்த்தது தப்பில்லை என்றார்.

தண்ணீரைக் குறைத்ததைச் சொன்னபோது சிரிக்கவில்லை.

"குடிக்கிறதால போகலைங்கம்மா. போறதால குடிக்குது. அது தன்ன காப்பாத்திக்கிறதுக்குக் குடிக்குது. அதப் போய் நிறுத்தியிருக்கீங்க."

சவுரிராயன் லாரியில் ஏதோ வேலை இருப்பதுபோல வெளியே போய்விட்டார்.

பிறகு டாக்டர், வேறு நோய்க்கு ஏதாவது மருந்து கொடுத்தீர்களா, ஊசி போட்டீர்களா என்று கேட்டார். சூசை மேரி உறுதியாக இல்லை என்றார். வெந்தயம், சிறுகுறிஞ்சான் தவிர ஒன்றும் இல்லை. டாக்டர் இரண்டாவது தடவையும் கேட்டார். அதே பதில். அவர் பொய் சொல்லவில்லை. எங்களுக்கும் அதுதான் தெரியும்.

ரத்தம் எடுக்கக் கழுத்தைத் துடைக்க வேண்டும், சுத்தமான துணி இருந்தால் கொடுங்கள் என்றார் டாக்டர். சூசை மேரி மூலையில் இருந்த தகரப் பெட்டியைத் திறந்தார். ஊர்வலத்துக்குப் போகும்போது எடுத்துப்போகிற பெட்டி. தலையில் வைக்கிற சிவப்புக் குஞ்சம், சலங்கை, கண்ணாடி பதித்த துணி, குளம்புக்குப் பூசுகிற நகப்பாலிஷ், வெள்ளையாகத் தெரிவதற்காக உடம்பில் தடவுகிற பவுடர் எல்லாம் அதில் இருந்தன. டாக்டர் எட்டிப் பார்த்தார்.

"அது என்னங்கம்மா, அந்த அட்டை?"

"எதுங்க? அதுவா. அது மேக்கப் சாமான் டாக்டரம்மா."

டாக்டர் குனிந்து எடுத்தார். மாத்திரை அட்டை. பாதி தீர்ந்திருந்தது.

கடற்கரையில் ஓடிய காலத்திலேயே மைதாவுக்கு முன்னங்காலில் ஒரு பழைய அடி உண்டு. மணலில் தெரியாது. தார் ரோட்டில் நடந்தால் லேசாக நொண்டும். நொண்டுகிற குதிரையில் மாப்பிள்ளையை ஏற்றினால் சகுனம் சரியில்லை என்று சொல்லிவிடுவார்கள். அதனால் ஊர்வலத்தன்று காலையில் வலி மாத்திரையைப் பொடித்து வெல்லத்தில் உருட்டிக் கொடுப்பது இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வது. வெல்லத்தை நிறுத்திய பிறகு, மாசி ஊர்வலங்களில் சூசை மேரி அதை வாழைப்பழத்தில் வைத்துக் கொடுத்திருக்கிறார். நோய்க்குக் கொடுப்பதுதான் மருந்து. இது குஞ்சம் வைப்பது, பவுடர் போடுவதுபோல ஊர்வலத்துக்குத் தயார் செய்கிற ஒரு வேலை. அதனால் மருந்து என்று கேட்டபோது அவருக்கு அது நினைவுக்கே வரவில்லை.

டாக்டர் அடுத்து ஒன்று கேட்டார். ஊர்வலத்தன்று தண்ணீர் எப்போது கொடுப்பீர்கள்?

"அன்னிக்கி காலைலேந்து குடுக்கமாட்டேங்க. மண்டப வாசல்ல கோலம் போட்டு வெச்சிருப்பாங்க, ஆரத்தி சுத்துவாங்க. அந்த எடத்துல ஒண்ணுக்கு போயிடுச்சின்னா பேஜாரு. ஊர்வலம் முடிச்சி வூட்டுக்கு வந்துதான் காட்டுவேன்."

டாக்டர் அட்டையைத் திருப்பி மாத்திரையின் பெயரைப் படித்தார். பிறகு எங்களுக்கும் புரியும்படி சொன்னார். சிறுநீரகம் கழிவை வெளியே அனுப்புவது மட்டுமல்ல, உடம்புக்குத் தேவையான தண்ணீரைப் பிடித்து உள்ளேயே திருப்பி அனுப்புவதும் அதன் வேலைதான். வலி மாத்திரை சிறுநீரகத்துக்குப் போகிற ரத்தத்தைக் குறைக்கும். தண்ணீர் நன்றாகக் குடிக்கிற நாளில் கொடுத்தால் தாங்கிக்கொள்ளலாம். உடம்பில் தண்ணீர் இல்லாத நாளில், வெயிலில் நடக்கவைத்து, அதே மாத்திரையைக் கொடுத்தால் சிறுநீரகத்தின் உள்பகுதி கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும். அப்புறம் அதனால் தண்ணீரைப் பிடித்துவைக்க முடியாது. வருவதெல்லாம் வெளியே போகும். குதிரை குடித்துக்கொண்டே இருக்கும், இளைத்துக்கொண்டே போகும். ரத்தச் சோதனை வந்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றும் சொன்னார்.

ரத்தம் விழுப்புரம் போனது. மறுநாள் டாக்டர் போனில் அழைத்து, கிரியாட்டினின் மிக அதிகம், சிறுநீரகம்தான் என்றார். சர்க்கரை முற்றியவர்களால் கிரியாட்டினின் என்ற சொல் எங்கள் ஊருக்குப் புதிதல்ல. துரைக்கண்ணு உடனே டயாலிசிஸ் செய்ய முடியுமா என்று கேட்கச் சொன்னார். குதிரைக்கு இங்கே அதற்கு வழியில்லை, நரம்பில் தண்ணீர் ஏற்றிப் பார்க்கலாம், பிழைக்கும் என்று உறுதி சொல்லமாட்டேன் என்றார் டாக்டர்.

 சூசை மேரி தகரப் பெட்டியைத் தூக்கிப்போய் லாரிக்குள் போட்டார். பிறகு வந்து மைதாவின் பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார். லட்சுமியம்மாள் வந்து ஆறுதல் சொல்லப் பார்த்தார். தெரியாமல் செய்ததுதானே, எல்லோரும் செய்கிறார்கள் என்றார்.

"எல்லாரும் குடுக்கறாங்கன்னுதான் குடுத்தேன் அக்கா. ஆனா எல்லா குதிரையும் என் குதிரை இல்லியே" என்றார் சூசை மேரி.

ஒரு வாரம் பாட்டில் ஏறியது. கொட்டகையின் குறுக்குக் கம்பியில் தொங்கவிட்டால் உயரம் போதவில்லை. யாராவது உயரப் பிடிக்க வேண்டும். சூசை மேரி கழுத்துப் பக்கம் நின்று குதிரையை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். அதனால் சவுரிராயன் முக்காலியில் ஏறி, மைதாவின் உடம்போடு ஒட்டி நின்று பாட்டிலைப் பிடித்தார். முதல் நாள் மறுகையால் குறுக்குக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டே நின்றார். மூன்றாம் நாள் ஒரு கையில் பாட்டிலும் இன்னொரு கையில் செல்போனுமாக நின்று அலங்காரக்காரர்களிடம் லோடு பேசிக்கொண்டிருந்தார்.

தீனியும் மாறியது. கொள்ளையும் மல்லாட்டைக் கொடியையும் குறைத்து, புல்லும் காய்ந்த கேழ்வரகுத் தாளும் போடச் சொன்னார் டாக்டர். தன் கொடியில் என்ன குறை என்று லட்சுமியம்மாளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். சுண்ணாம்புச் சத்தும் புரதமும் அதில் அதிகம், கெட்ட சிறுநீரகத்துக்கு அது பாரம் என்று விளக்கிய பிறகு, வரப்பில் அறுத்த புல்லை அவரே கொண்டுவந்தார். தண்ணீர்த் தொட்டி ஒன்று இரண்டானது. எந்நேரமும் நிரம்பியிருக்க வேண்டும்.

முதல் நான்கு நாள் மாற்றமில்லை. ஐந்தாம் நாள் மைதா புல்லை முகர்ந்து பார்த்து இரண்டு வாய் தின்றது. பத்து நாள் கழித்து எடுத்த ரத்தத்தில் அளவு பாதியாக இறங்கியிருந்தது. சித்திரையில் இன்னும் கொஞ்சம் இறங்கியது. அதற்குமேல் இறங்கவில்லை. செத்த பகுதி திரும்பி வராது, மீதி இருப்பதை வைத்து வாழ வேண்டும், வலி மாத்திரை இனி எப்போதும் கூடாது என்றார் டாக்டர். மாத்திரை இல்லை என்றால் தார் ரோடு இல்லை. தார் ரோடு இல்லை என்றால் ஊர்வலம் இல்லை.  இப்போது விலா எலும்பு முன்போல் தெரிவதில்லை. ஆனால் தண்ணீர் மட்டும் இன்னும் அதிகமாகத்தான் குடிக்கிறது.

வைகாசியில் ஒரு முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மதியம் தேவா வந்தார். திண்டிவனத்தில் அலங்கார வேலை செய்கிறவர். சொந்தமாக ஒரு கறுப்புக் குதிரை வைத்திருக்கிறார். வெள்ளைக் குதிரைதான் வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு மைதாவைக் கூப்பிடுவார். பைக்கைவிட்டு இறங்கும்போதே பேச ஆரம்பித்துவிட்டார். சாயங்காலம் தன் கறுப்புக் குதிரை ஊர்வலத்துக்குப் போகிறது. அடுத்த வாரம் ஒரு பெரிய இடத்துக் கல்யாணம், கல்யாணப் பெண், வெள்ளைக் குதிரைதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறதாம். சவுரிராயனும் உள்ளேயிருந்து வந்து நின்றார். ஒரே ஒரு தடவை, மெதுவாக நடத்திப் போனால் என்ன என்ற நினைப்பு அவர் முகத்தில் இருந்தது.

சூசை மேரி முடியாது என்றார். காரணத்தையும் முழுதாகச் சொன்னார்.

"ஒரு நாளைக்கு ஒரு மாத்திரைல இன்னாக்கா ஆயிடப் போவுது?" என்றார் தேவா. "நானுந்தான் குடுக்கறேன். கறுப்பு கல்லு மாதிரி நிக்கறான்."

"தண்ணி எப்பிடி குடிக்கிறான்?"

"அவனா, தண்ணி லாரி வெச்சாலும் பத்தாது. தொட்டிய நக்கிகினே கெடப்பான்." சொல்லிவிட்டுச் சிரித்தார்.

சூசை மேரி சிரிக்கவில்லை. கறுப்புக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார்.  வெயில் காலத்தில் கொஞ்சம் இளைக்கத்தானே செய்யும் என்றார் தேவா. இன்று காலையிலிருந்து தண்ணீர் காட்டினாயா என்று கேட்டார் சூசை மேரி. ஊர்வல நாளில் யார் காட்டுவார்கள் என்று தேவா சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டார். மைதாவைப் பார்த்தார். அது தொட்டிக்குள் தலையை விட்டுக் குடித்துக்கொண்டிருந்தது.

"மாத்திர குடுத்துட்டியா?"

"காலைலயே ஆச்சு."

"டாக்டரம்மா நம்பர் தர்றேன், அப்பறம் பேசு. மொதல்ல வூட்டுக்குப் போன் போடு. ஜல்தி."

தேவா போனை எடுத்துக்கொண்டு ரோட்டோரம் போனார். அவர் மனைவிதான் எடுத்திருக்க வேண்டும். நெடுஞ்சாலை பஸ் சத்தத்துக்கு மேல் தேவாவின் குரல் கேட்டது. "ஏ, கறுப்புக்குத் தண்ணி காட்டு. இப்பவே. இல்ல இல்ல, ஊர்வலத்துக்கு நான் கல்யாண வூட்டுக்காரங்களாண்ட பேசிக்கறேன். எவ்ளோ குடிக்குதோ குடிக்கட்டும், நீ பக்கத்துலயே இரு."